கொப்பியைக் கிழித்த கைகளிடம் சில கேள்விகள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் கட்டாயம் வாசியுங்கள், ஏனென்றால் இது உங்களுக்காகத்தான் எழுதப்படுகிறது.

தட்டச்சு செய்வது ஒரு கை. ஆனால் இதில் இருப்பது நாலைந்து ஆசிரியர்கள் இடைவேளையில் தேநீர் ஆறிப்போகும் வரை பேசிய பேச்சு. ஆகவே "நாம்" என்றே எழுதுகிறோம். திட்டுவதாக இருந்தால் எல்லோரையும் சேர்த்தே திட்டலாம்.

இரண்டு வாரங்களாக அக்குறணையிலிருந்து மடவளை வரை, கட்டுகஸ்தோட்டையிலிருந்து தெல்தோட்டை வரை, எமது பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பேசுபவர் யாரென்று தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது. ஆனால் குரலில் நல்ல கனம். "மை ஹீரோ அகடமியா" என்ற ஜப்பான் கார்ட்டூனும் அதன் படங்களும் முஸ்லிம் பிள்ளைகளின் ஈமானை அழிக்க எடுக்கப்பட்டவை. அதில் ஒரு பையன் இன்னொருவரின் முடியை விழுங்கி இறைசக்தி பெறுகிறான். இதைப் பார்க்கும் பிள்ளை முர்தத்தாகும் பாதையில் இருக்கிறது. பிள்ளைகளின் ஃபோனைச் சோதியுங்கள், கொப்பிகளைச் சோதியுங்கள் என்று சொல்கிறார்.

சோதித்தார்கள். ஃபோன் பறிபோனது. கொப்பிகளும் கிழிந்தன. அதில் ஒரு கொப்பி எங்கள் வகுப்பறையிலேயே கிழிந்தது. கிழித்தவர் எங்களில் ஒருவர். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. இந்தக் குரல் பதிவை மற்றவர்களுக்கு அனுப்பிய பெற்றோரில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள்? எங்கள் வகுப்புப் பெற்றோரிடம் கேட்டுப் பார்த்தோம். ஒருவரும் இல்லை. சரி, நாங்களாவது பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்தோம். பிள்ளைகள் அதிகம் பேசும் படம் எதுவென்று விசாரித்து அதையே எடுத்தோம். "வேர்ல்ட் ஹீரோஸ் மிஷன்". 104 நிமிடம். நடுவில் அஸருக்கு எழுந்து போய் வந்தோம்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விபரம். கோஹெய் ஹொரிகோஷி என்ற ஜப்பானியர் 2014 இல் ஒரு வாரப் பத்திரிகையில் வரையத் தொடங்கிய சித்திரக்கதை இது. பத்து வருடம் வரைந்து 2024 ஆகஸ்டில் முடித்தார். 2016 இல் தொலைக்காட்சித் தொடராகியது. நாலு திரைப்படங்கள் வந்தன: 2018, 2019, 2021, 2024. நாங்கள் பார்த்தது மூன்றாவது.

கதையின் உலகத்தில் பெரும்பாலான மனிதர்கள் ஏதாவதொரு விசேட ஆற்றலுடன் பிறக்கிறார்கள். ஒருவனுக்குக் கையிலிருந்து நெருப்பு வரும். இன்னொருத்தி தொட்டால் பொருட்கள் மிதக்கும். எதுவுமில்லாமல் பிறந்த ஒரு பையன்தான் கதாநாயகன். மிதோரியா என்பது பெயர், டெகு என்பது பட்டம். "ஒன்றுக்கும் உதவாதவன்" என்று கேலி செய்ய வைத்த பட்டம் அது. அவனுடைய குணத்தைப் பார்த்து ஒரு பெரிய வீரர் தன்னுடைய ஆற்றலை அவனிடம் ஒப்படைக்கிறார். அதற்காக ஒரு முடியை விழுங்கச் சொல்கிறார். குரல் பதிவில் சொன்னது பொய்யில்லை. முடியை விழுங்கத்தான் செய்கிறான். அசிங்கமாகத்தான் இருக்கிறது. பையனே முகத்தைச் சுளிக்கிறான்.

ஆனால் அது "இறைசக்தி" இல்லை. அந்தக் கதையில் ஆற்றல் என்பது கண் நிறம் போல, உயரம் போல, உடம்போடு வருவது. யாரையும் வணங்கிப் பெறுவதில்லை. யாருக்கும் சுஜூது இல்லை. தெய்வங்களும் அரக்கர்களும் பாத்திரங்களாக வரும் ஜப்பானியக் கதைகள் வேறு இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவதென்றால் தாராளமாகப் பேசலாம், நாங்களும் பேசுவோம். ஆனால் பார்க்காத ஒன்றைப் பற்றி, இன்னொன்றில் உள்ள குற்றத்தைச் சாட்டுவதற்குப் பெயர் மார்க்கம் இல்லை. சோம்பல்.

இனி அந்தப் படத்தின் கதைக்கு வருவோம். இதுதான் எங்களை உட்கார்ந்த இடத்தில் அசையாமல் வைத்தது.

ஓர் இயக்கம். அதற்கென்று ஒரு தலைவன், ஒரே நிறத்தில் உடை, இரகசியக் கூடம். ஆற்றலோடு பிறந்தவர்கள் எல்லோரும் நோயாளிகள், அவர்களை அழித்தால்தான் மனித இனம் தூய்மையாகும் என்பது அவர்களின் போதனை. உலகமெங்கும் நகரங்களில் குண்டுகளை ஒளித்து வைக்கிறார்கள். நல்லவர்கள்தான் நாம், மற்றவர்கள் எல்லாம் அசுத்தம் என்று நம்பிய மனிதர்கள் சாதாரண சனங்கள் மேல் குண்டு வைக்கிறார்கள்.

இந்தக் கதையை எங்கோ கேட்ட மாதிரி இல்லையா?

அடுத்து, கதாநாயகன் டெகு மீது செய்யாத கொலைகளைச் சுமத்துகிறார்கள். பலரைக் கொன்றவன் என்று அவன் படம் தொலைக்காட்சியில் ஓடுகிறது. ஒரே இரவில் நாடு முழுக்க அவனைத் தேடுகிறது. அவன் முகத்தைப் பார்த்த சனங்கள் விலகி ஓடுகிறார்கள்.

இதையும் கேட்ட மாதிரி இல்லையா?

மூன்றாவது ஆள் ரோடி. ஏழைப் பையன். விமானியாக வர ஆசைப்பட்டவன். இவனுடைய வாப்பா அந்தக் கொலைகார இயக்கத்தில் சேர்ந்துவிட்டார் என்று ஊருக்குள் பேச்சு. வாப்பா காணாமற்போய்விட்டார். அதன் பிறகு அந்தக் குடும்பத்தோடு யாரும் பழகுவதில்லை. வீடு போனது. தம்பியையும் தங்கையையும் காப்பாற்ற, கேள்வி கேட்காமல் கள்ளச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறான். வாப்பா உண்மையில் மிரட்டப்பட்டுத்தான் கொண்டுபோகப்பட்டார் என்பது பிறகுதான் தெரிய வருகிறது. கடைசியில் அந்தக் குண்டுகளை நிறுத்துவது டெகுவின் முஷ்டி மட்டும் இல்லை. ஊர் ஒதுக்கி வைத்த அந்தப் பையனும்தான்.

சகோதரர்களே, இன்று 10, 11 ஆம் வகுப்பில் இருக்கும் எமது பிள்ளைகளுக்கு 2018 மார்ச்சில் எட்டு வயதளவில் இருக்கும். திகன எரிந்தது. தெல்தெனிய, பல்லேகல, மெனிக்கின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று கடையும் வீடும் பள்ளியும் தாக்கப்பட்டன. அந்தப் பிள்ளைகளில் சிலர் கட்டிலுக்கடியில் இரவைக் கழித்தவர்கள். அடுத்த வருடம் ஏப்ரல் 21. ஒன்பது, பத்து வயதில் அவர்களுடைய பெயரே ஒரு குற்றச்சாட்டாக மாறியது. பஸ்ஸில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உம்மாவின் ஹபாயாவைப் பார்த்து முச்சக்கர வண்டிக்காரர் நிறுத்தாமல் போனார். ஜூன் மாதத் தொடக்கத்தில் எமது கண்டி நகரத்தில் தலதா மாளிகைக்கு முன்னால் ஓர் உண்ணாவிரதம் நடந்தது, நகரமே பதறியது, முஸ்லிம் அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். குருநாகலில் வைத்தியர் ஷாபி மீது கருத்தடைக் குற்றச்சாட்டைச் சுமத்தி, தொலைக்காட்சியும் பத்திரிகையும் சேர்ந்து வேட்டையாடின. கைது செய்தார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை. பிறகு வேலை திரும்பக் கிடைத்தது. நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, நாடு மருந்தில்லாமல் தவித்த அந்த 2022 இல், அதை மருந்து வாங்குவதற்கே கொடுத்தார் அந்த மனிதர்.

இதையெல்லாம் பற்றி எமது பிள்ளைகளோடு யார் பேசினோம்? பாடசாலையில் பேசவில்லை. "அரசியல் வேண்டாம்" என்று சுற்றறிக்கை இல்லாமலே வாயை மூடிக்கொண்டோம். வீட்டிலும் பேசவில்லை. "போனது போகட்டும், படி" என்றோம். பள்ளியில் பொறுமையைப் பற்றிப் பேசினோம். பொறுமை எதற்கு என்று பிள்ளைக்குச் சொல்லவில்லை.

நாம் பேசாத இடத்தில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் பேசியிருக்கிறது. செய்யாத குற்றத்துக்காகத் துரத்தப்படும் ஒரு பையனும், வாப்பாவின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு பையனும், நீ யார் என்பதை உன் செயல்தான் சொல்லும் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். எமது பிள்ளைகள் அதை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று எங்களுக்கு அந்தச் சனிக்கிழமைதான் விளங்கியது. ஒன்பது வருடமாக வகுப்பறையில் நிற்கிறவர்களுக்கும் இருபது வருடமாக நிற்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம், இது எமக்கு வெட்கம்.

இனி ஈமானுக்கு ஆபத்து எது என்ற கேள்வி.

ஸஹ்ரானின் உரைகள் எந்த மொழியில் இருந்தன? ஜப்பான் மொழியிலா? தமிழில் இருந்தன. எங்கே இருந்தன? முகநூலில், யூடியூபில், அதாவது நமது கையிலிருக்கும் இதே ஃபோனில். எந்தப் பாத்திரமும் சிறகு கட்டிப் பறக்கவில்லை. குர்ஆன் வசனத்தையும் ஹதீஸையும் வைத்துத்தான் பேசினார். காத்தான்குடியில் முஸ்லிம்களே எழுந்து முறையிட்டார்கள், அது பதிவில் இருக்கிறது, அவர்களுக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். ஆனால் அந்த வீடியோக்களைக் கேட்டுவிட்டு "நல்லாத்தானே பேசுறார்" என்று பகிர்ந்தவர்களும் நம்மில்தான் இருந்தார்கள். அன்றைக்கு யாருடைய ஃபோனைச் சோதித்தோம்? யாருடைய கொப்பியைக் கிழித்தோம்?

"நாம் மட்டும் தூய்மை, மற்றவன் நோய்" என்று சொல்கிறவனை எப்படி அடையாளம் காண்பது என்பதைத்தான் இந்தப் படம் முழுக்கக் காட்டுகிறது. அந்த இயக்கத்தின் தலைவனுக்கு ஓர் ஆற்றல்: அவன் மேல் பட்டதெல்லாம் திருப்பித் தெறிக்கும். அதனால் சிறு வயதில் பெற்ற தாய் தகப்பன் கூட அவனைக் கட்டியணைக்க முடியவில்லை. அந்தத் தனிமைதான் அவனை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது. மன்னிக்கச் சொல்லவில்லை படம். எங்கிருந்து தொடங்கியது என்று காட்டுகிறது. பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையின் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, கொப்பியைக் கிழித்து, மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் விட்ட பெற்றோரே, அந்த மூன்று நாளில் உங்கள் பிள்ளை யாரோடு பேசியது என்று தெரியுமா?

"கற்பனைக் கதையே கூடாது" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு ஹதீஸை நினைவுபடுத்துகிறோம். அபூதாவூதில் இருக்கிறது. ஆயிஷா நாயகி அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் செய்த இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அதைப் பார்த்து, குதிரைக்கு இறக்கையா என்று விசாரித்தார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததே என்று நாயகி பதில் சொன்னார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். பொம்மையைப் பிடுங்கியதாக அந்த ஹதீஸில் இல்லை. கேட்டார்கள், காரணத்தைக் கேட்டறிந்தார்கள், சிரித்தார்கள். பிள்ளையின் கற்பனையை எப்படி அணுகுவது என்பதற்கு இதைவிட வேறு பயிற்சிப் பட்டறை எமக்கு வேண்டுமா?

எமது மூத்தம்மாமார் என்ன கேட்டு வளர்ந்தார்கள்? முஹம்மது ஹனிபாவின் வீரத்தைச் சொல்லும் கிஸ்ஸாக்களை. சைத்தூன் கிஸ்ஸாவை இரவில் ஒருவர் இராகமாக வாசிக்க, ஊரே கூடியிருந்து கேட்ட காலம் இருந்தது. படைப்போர் என்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருந்த சமூகம் நாம். கண்டிக் கலம்பகம் பாடிய அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் இந்த மலைகளில் பிறந்தவர். வீரக் கதை எமக்கு அந்நியம் இல்லை. நாம்தான் அதை விட்டுவிட்டோம். பிள்ளைக்குச் சொல்ல எம்மிடம் கதை இல்லாமற்போன வெற்றிடத்தை ஜப்பான் நிரப்பியிருக்கிறது. அதற்கு ஜப்பானைத் திட்டி என்ன பயன்?

ஜப்பான் என்றதும் இன்னொன்று. ரூபவாஹினி 1982 இல் தொடங்கியதே ஜப்பானின் உதவியில்தான். "ஒஷின்" ஓடிய நேரத்தில் சிங்களம் விளங்காத உம்மாமாரும் அழுதுகொண்டு பார்த்தார்கள். இன்று வாசலில் நிற்பது வெகன் ஆர். வியாபாரத்துக்கு ஓடுவது டொயோட்டா வேன். மகனை ஜப்பானுக்கு வேலைக்கு அனுப்ப கண்டி நகரத்தில் ஜப்பான் மொழி வகுப்பில் சேர்க்கிறோம். வாகனமும் வேலையும் ஹலால், சித்திரம் மட்டும் ஹராமா? அந்த மகனுக்கு வகுப்பில் சேரும் முன்பே நாற்பது ஐம்பது ஜப்பான் சொற்கள் எப்படித் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் எழுதியதால் இந்தத் தொடர் முழுக்கச் சுத்தம் என்று நாங்கள் சொல்வதாக எடுக்காதீர்கள். குறைகள் இருக்கின்றன. பெயர் சொல்லியே சொல்கிறோம்.

பெண் பாத்திரங்கள் பலரின் உடை வெட்கக்கேடு. பதினைந்து பதினாறு வயது மாணவிகளுக்கு அப்படி ஓர் உடையை வரைந்ததற்கு எந்த நியாயமும் இல்லை. முஸ்லிம் அல்லாத பெற்றோரும் இதைக் கண்டித்திருக்கிறார்கள். மினெட்டா என்றொரு பையன் பெண் பிள்ளைகளிடம் கேவலமாக நடப்பான்; கதை அதைப் பகிடியாக்கி விட்டுவிடும். எங்கள் வகுப்பில் ஒரு பையன் அதே பகிடியை ஒரு மாணவியிடம் விட்டபோது நாங்கள் சிரிக்கவில்லை. இரத்தமும் அடிதடியும் கூட. இந்தப் படம் பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொருத்தமில்லை என்பது எமது கருத்து. தரம் 3 பிள்ளையின் கையில் இதைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகும் உம்மாவும் தவறுதான் செய்கிறார். "டீமன் ஸ்லேயர்" படத்தின் "இன்ஃபினிட்டி காஸல்" 2025 இல் தமிழிலும் வந்தது. தமிழில் வந்தால் பிள்ளைகளுக்கானது என்று நினைத்தவர்கள் அதிகம். அமெரிக்காவில் அதற்குக் கொடுத்தது 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாத தரம். கார்ட்டூன் என்றால் எல்லாம் குழந்தைகளுக்கு என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள்.

தவறைக் கண்டால் கேட்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 2008 இல் "ஜோஜோ" என்ற தொடரில் வில்லன் ஒருவன் புத்தகம் வாசிக்கும் காட்சியில் குர்ஆனின் பக்கம் வந்துவிட்டது. முஸ்லிம்கள் கண்டுபிடித்தார்கள். எந்தத் தொடர், எந்தக் காட்சி, எந்த சூரா என்று சுட்டிக் காட்டினார்கள். அல் அஸ்ஹர் கண்டித்தது. ஜப்பானின் பதிப்பகமும் தயாரிப்பு நிறுவனமும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு விற்பனையை நிறுத்தின. இதே மை ஹீரோ அகடமியாவில் 2020 இல் ஒரு கொடிய வைத்தியனுக்கு "மருதா" என்ற சொல் வரும்படி பெயர் வைத்தார்கள். போர்க் காலத்தில் ஜப்பானிய இராணுவத்தின் 731 ஆவது பிரிவு சீனாவில் மனிதர்களை வைத்துப் பரிசோதனை செய்தபோது, அந்த மனிதர்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. சீனர்களும் கொரியர்களும் கொதித்தார்கள். ஹொரிகோஷி மன்னிப்புக் கேட்டார், பெயர் மாறியது. இரண்டு இடத்திலும் முறையிட்டவர்கள் விஷயம் தெரிந்து முறையிட்டார்கள். ஆகவே பதில் கிடைத்தது. எமது குரல் பதிவுக்காரரிடம் எந்தப் படம், எந்தக் காட்சி என்று கேளுங்கள். பதில் வராது.

விருப்பமில்லாவிட்டால் மாற்றாக ஒன்றைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். பாகிஸ்தானில் 2013 இல் "புர்கா அவெஞ்சர்" என்று ஒரு கார்ட்டூன் வந்தது. கதாநாயகி ஜியா ஒரு பாடசாலை ஆசிரியை. பெண் பிள்ளைகளின் பாடசாலையை மூட வருகிறவர்களோடு புத்தகத்தையும் பேனையையும் ஆயுதமாக வைத்து மோதுகிறாள். (எங்கள் ஆசிரியைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது.) சவூதியின் மங்கா புரொடக்ஷன்ஸ் ஜப்பானின் தோய் நிறுவனத்தோடு சேர்ந்து, மக்காவை அழிக்க வந்த அப்ரஹாவின் படையெடுப்பை வைத்து "த ஜேர்னி" என்று முழுநீளப் படம் எடுத்து 2021 இல் வெளியிட்டது. யானைப் படையின் சூராவை மனனம் செய்யும் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைக் காட்டினோம்? காட்டியவர்கள் கையை உயர்த்துங்கள். எங்கள் கையும் உயரவில்லை.

கடைசியாக, சொல்லப் பயந்த விஷயத்துக்கு வருகிறோம்.

2018 இல் எம்மை எரித்தது கார்ட்டூனா? இல்லை. தெல்தெனியவில் ஒரு லொறிச் சாரதி தாக்கப்பட்டு இறந்தார். அது கொடுமை, அதைச் செய்தவர்கள் எமது பெயர் தாங்கியவர்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துக்கத்தைத் தீயாக்கியது எது? முகநூல் பதிவுகளும் வட்ஸ்அப் செய்திகளும். யார் சொன்னார் என்று தெரியாத செய்தி. கனமான குரல். "உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்." அரசாங்கம் அவசரகாலம் அறிவித்து, முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவு முடக்க வேண்டி வந்தது. 2020 இல் முகநூல் நிறுவனமே அந்த வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

முகநூல் மன்னிப்புக் கேட்டுவிட்டது. நாம் என்ன கற்றோம்? அதே மாதிரியான குரல் பதிவை, அதே ஃபோனில், விசாரிக்காமல், இந்த முறை எமது பிள்ளைகளுக்கு எதிராக நாமே அனுப்புகிறோம். செய்தி வந்தால் தீர விசாரிப்பது பற்றி சூரா ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்தை மத்ரஸாப் பிள்ளையும் ஓதும். வாப்பாவுக்கு மறந்துவிட்டது.

ஆகவே எமது கோரிக்கைகள்.

குரல் பதிவை அனுப்பியவர்களுக்கு: பேசியவர் யார், எந்தப் படத்தைப் பார்த்தார் என்று கேட்டு எழுதுங்கள். தெரியாவிட்டால், அனுப்பிய அதே குழுவில் "விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன்" என்று ஒரு வரி போடுங்கள். கௌரவம் குறையாது.

பெற்றோருக்கு: பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள். ஒன்றே ஒன்று. நடுவில் ஃபோனை எடுக்காமல். பிடிக்காத காட்சி வந்தால் ஏன் பிடிக்கவில்லை என்று அங்கேயே சொல்லுங்கள். முடிந்ததும் "உனக்கு இதில் யாரைப் பிடிக்கும், ஏன்?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டு முடிக்கும் வரை புத்திமதி சொல்லாதீர்கள். வயதுக்குப் பொருந்தாததை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பார்த்துவிட்டு மறுங்கள், பிள்ளை மதிக்கும்.

உலமாக்களுக்கு மரியாதையோடு: பேசுங்கள், உங்கள் வார்த்தையைத்தான் ஊர் கேட்கும். ஆனால் முர்தத் என்ற சொல்லைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சித்திரக் கொப்பிக்கு மேல் போட யாரையும் விடாதீர்கள். அந்தச் சொல்லின் பாரம் எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

பள்ளி நிர்வாகங்களுக்கு: மாடிக்கு மேல் மாடி கட்டுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஓர் அறையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். ஓர் அலுமாரி தமிழ்ப் புத்தகம், வரைவதற்கு ஒரு மேசை. பாடசாலை விட்டு டியூஷன், டியூஷன் விட்டு மத்ரஸா, மத்ரஸா விட்டு வீடு. பகல் முழுக்கப் பிள்ளைக்குச் சொந்தமான அரை மணி நேரம் எங்கே இருக்கிறது? இரவு போர்வைக்குள் ஃபோனில் இருக்கிறது. அதனால்தான் அங்கே போகிறது.

எங்களுக்கு, அதாவது ஆசிரியர்களுக்கு: கிழித்ததை ஒட்ட வேண்டும்.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்கிறோம் என்றோமே. எண்பது பக்கக் கொப்பி. முன் பக்கங்களில் விஞ்ஞானக் குறிப்பு. பின்னாலிருந்து திருப்பினால் படம். ரோடியின் தோளில் ஒரு சின்னப் பறவை இருக்கும், பீனோ என்று பெயர். ரோடி வாயால் என்ன பொய் சொன்னாலும், அவன் மனசில் உள்ளதை அந்தப் பறவையின் முகம் காட்டிவிடும். எங்கள் மாணவன் அந்தப் பறவையை மட்டும் பதினொரு விதமாக வரைந்திருந்தான். சிரிக்கும் பறவை, கோபிக்கும் பறவை, பயந்து ஒளியும் பறவை. அன்றைக்கு அதை யாரும் பார்க்கவில்லை. குரல் பதிவைக் கேட்டுவிட்டு வந்திருந்தோம், ஜப்பான் படம் என்று மட்டும் தெரிந்தது. கிழிந்த பிறகு, பெருக்கியெடுத்த துண்டுகளை மேசையில் வைத்துத்தான் எண்ணினோம்.

அந்தப் பிள்ளை திகனப் பக்கம். 2018 இல் என்ன நடந்தது என்று அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவனுடைய உம்மாவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

புதுக் கொப்பி வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல சேர்" என்றான். விஞ்ஞானக் குறிப்பை எழுதுகிறான். பின் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் கொப்பி திருத்தும்போது பின்னால் திருப்பிப் பார்க்கிறோம்.

பிடித்தால் பகிருங்கள். ஆனால் வாசித்துவிட்டுப் பகிருங்கள். பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம். திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள், படத்தைப் பார்த்துவிட்டு.

அல்லாஹ் எமது பிள்ளைகளை எமது அவசரத்திலிருந்து பாதுகாக்கட்டும். ஆமீன்.